ரொட்டிக்கடை வைத்த இறையியலாளர்

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகம் நிறுவிய கிறித்தவப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். இந்த வரிசையில் செராம்பூர் வில்லியம் கேரி இருக்கிறார், பெய்ரூட்டின் டேனியல் பிளிஸ் இருக்கிறார், ஜப்பானின் நீஜிமா ஜோ இருக்கிறார். அவர்களைப் பற்றிப் பேச ஆள் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது சைரஸ் ஹாம்லின் என்ற அமெரிக்கரை. இஸ்தான்புல் நகரில் 1863-இல் ராபர்ட் கல்லூரியைத் தொடங்கியவர். அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்கர்கள் தொடங்கி இன்றுவரை விடாமல் நடந்துவரும் கல்வி நிலையங்களில் இதுதான் மூத்தது என்பார்கள். அந்தக் கல்லூரியின் உயர்கல்விப் பகுதிதான் இன்று போவாஸிச்சி என்ற பேர்பெற்ற துருக்கியப் பல்கலைக்கழகம்.

இவருடைய கதையில் பாதி மாவு மில்லிலும் ரொட்டி அடுப்பிலும் நடக்கிறது. எனக்கு இவர் மேல் பிரியம் வந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹாம்லின் பிறந்தது 1811-இல், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், வாட்டர்ஃபோர்டு என்ற சிற்றூரில். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். ஊரில் படைவீரர் அணிவகுப்பு நடக்கும் நாள் சிறுவர்களுக்குத் திருவிழா மாதிரி. அப்படி ஒரு நாளில் இஞ்சி ரொட்டி வாங்கித் தின்ன அம்மா ஏழு சென்ட் கொடுத்தார். போகிற வழியில் மிஷன் காணிக்கைப் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஒன்றோ இரண்டோ போட்டாலும் போடு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். ஒன்றா, இரண்டா? சிறுவனுக்கு வழியெல்லாம் இதே யோசனை. ‘போட்டாலும் போடு என்று சொல்லாமல், இத்தனை போடு என்று அம்மா சொல்லியிருந்தால் தேவலையே’ என்று எரிச்சல்கூட வந்ததாம். கடைசியில் கணக்குப் பார்க்கிற தொல்லையே வேண்டாம் என்று ஏழையும் போட்டுவிட்டு, நாள் முழுக்கப் பட்டினி கிடந்து வீடு திரும்பி, அம்மாவிடம் பாலும் ரொட்டியும் கேட்டிருக்கிறான். இது ஹாம்லினே முதுமையில் எழுதிவைத்த கதை. மனிதர் கதை சொல்வதில் கெட்டிக்காரர், தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளவும் தயங்காதவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வயதில் போர்ட்லாந்து நகரில் வெள்ளி வேலை, நகை வேலை பழகப் போனார். அங்கே சபையார் பையனின் அறிவைப் பார்த்து, இவன் போதகருக்குப் படிக்கட்டும் என்று உதவி செய்தார்கள். போடின் கல்லூரியில் 1834-இல் பட்டம் பெற்றார். கல்லூரியில் நீராவி எந்திரத்தைப் பற்றி ஒரு விரிவுரை. மாணவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வெள்ளி வேலை பழகிய கை சும்மா இருக்குமா? செய்தே காட்டுகிறேன் என்று இறங்கி, ஓடக்கூடிய சிறிய எந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார். மெய்ன் மாநிலத்தில் உருவான முதல் நீராவி எந்திரம் அது என்று பேச்சு. பிறகு பேங்கர் நகரில் இறையியல் படித்தார். 1837-இல் படிப்பு முடிந்தது. அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் அவரை உதுமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு அனுப்பியது. 1839 தொடக்கத்தில் மனைவி ஹென்றியட்டாவுடன் போய் இறங்கினார்.

அங்கே 1840-இல், பொஸ்பரஸ் நீரிணைக் கரையில் உள்ள பெபெக் என்ற இடத்தில், ஆர்மீனிய இளைஞர்களுக்காக ஒரு செமினரி, அதாவது மிஷன் நடத்தும் உயர்படிப்புப் பள்ளி, தொடங்கினார். வந்த மாணவர்கள் கிழிசல் உடையில் வந்தார்கள். இலவசமாகத் துணி கொடுத்தால் பழகிவிடும், தன்மானமும் போய்விடும் என்பது ஹாம்லினின் கட்சி. அதனால் ஒரு பட்டறை போட்டார். தகட்டு இரும்பில் கணப்பு அடுப்பு, புகைக்குழாய், எலிப்பொறி என்று மாணவர்களே செய்து விற்று, தங்கள் உடைக்குத் தாங்களே சம்பாதித்தார்கள். சக மிஷனரிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வேதம் சொல்லிக்கொடுக்க வந்த மனிதர் கருமான் வேலை சொல்லிக்கொடுக்கிறாரே என்று முணுமுணுத்தார்கள். ஹாம்லின் அசையவில்லை.

1846-இல் நிலைமை மோசமானது. புராட்டஸ்டண்ட் போதனை பக்கம் சாய்ந்தவர்களை ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைக் குரு சபை விலக்கு செய்தார். சபை விலக்கு என்றால் கோயிலுக்குள் வரக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. அந்த நகரில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். சங்கத்தில் இல்லாதவன் கடை போட முடியாது. விலக்கப்பட்டவனுக்கு ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி தரமாட்டார், வீட்டுக்காரர் வீடு தரமாட்டார், கடன் கொடுத்தவர் உடனே திருப்பிக் கேட்பார். நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்று கேள்விப்பட்டிருப்போம், அதே சங்கதி.

பிழைப்பிழந்த இவர்களுக்கு என்ன வழி? பழைய ஒப்பந்தங்களின்படி அந்த நகரில் குடியிருக்கும் வெளிநாட்டவர்கள் தங்களுக்கென்று மாவு மில்லும் ரொட்டி அடுப்பும் வைத்துக்கொள்ளலாம். ஹாம்லின் இதைக் கண்டுபிடித்தார். தொழில் சங்கத்தின் பிடி அங்கே செல்லாது. உடனே நீராவியில் ஓடும் ஒரு மாவு மில், பக்கத்திலேயே ரொட்டி அடுப்பு. விலக்கப்பட்ட ஆர்மீனியர்களுக்கு அதில் வேலை. நகரத்தில் வசித்த ஐரோப்பியர்கள் நல்ல ரொட்டி எங்கே கிடைக்கும் என்று தேடி வந்தார்கள்.

அப்புறம் கிரிமியப் போர் வந்தது. ரஷ்யாவை எதிர்த்து உதுமானியர்களோடு பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து போரிட்ட போர் அது. பிரிட்டிஷ் படையின் காயம்பட்ட, நோயுற்ற வீரர்களை எதிர்க்கரையில் ஸ்குட்டாரி என்ற இடத்திலிருந்த பெரிய படைவீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வேலை செய்த அதே மருத்துவமனை. அங்கே கிடைத்த ரொட்டி புளித்துப்போன கறுப்பு ரொட்டி. ஹாம்லினின் ரொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரை அழைத்தார்கள். ஒப்பந்தம் பேசும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார்: ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வராது, சனிக்கிழமை மாலையே இரட்டிப்பாக வந்துவிடும். இராணுவத்தில் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கிடையாது என்று அதிகாரி எகிறினார். அப்படியானால் ரொட்டியே வேண்டாம் என்று இவர் எழுந்துவிட்டார். கடைசியில் இராணுவம்தான் இறங்கி வந்தது.

மருத்துவமனையில் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. வீரர்களின் துணிமணிகள் இரத்தமும் அழுக்கும் பேனுமாக மலைபோலக் குவிந்து கிடந்தன. துவைக்க ஆளில்லை. அந்தத் துணியைப் போட்டுக்கொள்வதைவிட வெற்றுடம்போடு கிடப்பதே மேல் என்று வீரர்கள் கிடந்தார்கள். நான் துவைக்க ஏற்பாடு செய்கிறேன் என்று ஹாம்லின் ஏற்றுக்கொண்டார். வேலைக்கு வந்த பெண்கள் முதல் மூட்டையைப் பிரித்ததும் பேனுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். கையால் தொடாமல் துவைக்க என்ன செய்வது? படைக்கு வந்து காலியான பெரிய பீர் பீப்பாய்கள் அங்கே ஏராளமாகக் கிடந்தன. அவற்றைக் கொண்டு துவைக்கும் எந்திரம் செய்தார். மூட்டையைப் பிரித்து உள்ளே தள்ளி, கொதிநீரும் சோப்பும் விட்டு ஓட்டினால் பேனும் போய்விடும், அழுக்கும் போய்விடும். ஓடிப்போன பெண்கள் திரும்பி வந்தார்கள். மதுவிலக்கை வலியுறுத்தும் போதகர் ஒருவருக்குப் பீர் பீப்பாய் இப்படிக் கைகொடுத்திருக்கிறது.

ரொட்டியும் சலவையும் நல்ல இலாபம் தந்தன. ஒரு காசுகூட அவர் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் பேரரசின் பல ஊர்களில் தேவாலயங்களும் பள்ளிகளும் எழுந்தன.

இப்போது வட்டுக்கோட்டைக்கு வருகிறேன்.

அமெரிக்கன் போர்டின் தலைமையகம் பாஸ்டனில். அங்கே வெளிநாட்டுப் பணிகளுக்குப் பொறுப்பான செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன். இதே சங்கம்தான் யாழ்ப்பாணத்திலும் மிஷன் நடத்தியது. டேனியல் பூர் தலைமையில் 1823-இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியதும், அங்கே தமிழும் ஆங்கிலமும் வானியலும் கணிதமும் கற்பிக்கப்பட்டதும் நம்மில் பலருக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஆண்டர்சன் 1855-இல் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த பையன்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போகிறார்கள், கிராமத்துச் சபைக்குப் போதகராகப் போகிறவர் குறைவு. இதற்கா அமெரிக்க விசுவாசிகளின் காணிக்கை என்பது அவர் கேள்வி. தாய்மொழியில் எளிய படிப்பு, அவரவர் ஊரில் அவரவர் சபை, தங்கள் காலில் நிற்கும் சபை என்பது அவர் கொள்கை. அந்த ஆண்டே வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது.

இந்தியாவையும் இலங்கையையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் ஆண்டர்சன் கான்ஸ்டாண்டிநோபிளில் இறங்கினார். அதே மருந்தைப் பெபெக்குக்கும் எழுதிக்கொடுத்தார். ஹாம்லின் எதிர்த்து நின்றார். அவருடைய வாதம் வேறு. இந்த நகரத்தில் ஆர்மீனியன், கிரேக்கன், பல்கேரியன், துருக்கியன், யூதன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. எல்லோருக்கும் பொதுவான மொழி இல்லை. உயர்ந்த படிப்பு வேண்டுமென்றால் பையன்கள் ஜேசுயிட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள். அரைகுறைப் படிப்புப் படித்த போதகரை, படித்துவிட்டு வந்த பையன் மதிப்பானா? இதுதான் அவர் கேட்டது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், ஆண்டர்சனை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. தாய்மொழியில் படி, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காதே, உன் சபையை நீயே நடத்து என்று 19-ஆம் நூற்றாண்டு நடுவில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னது சின்ன விஷயமில்லை. ஆனால் படிப்பு வேண்டும் என்று கேட்பவனுக்கு எவ்வளவு படிப்பு போதும் என்பதைப் பாஸ்டனில் உட்கார்ந்து அவர் முடிவு செய்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தார் அதை ஏற்கவில்லை என்பதற்கு, அவர்களே முன்னின்று முயன்று 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறந்ததே சாட்சி.

வட்டுக்கோட்டையில் செமினரியை மூடினார்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் அப்படி எளிதாக முடியவில்லை. காரணம் பாதி ஹாம்லினின் பிடிவாதம், மீதிப் பாதி ரொட்டி.

கிறிஸ்டோபர் ராபர்ட் என்று நியூயார்க்கில் ஒரு பெரிய வணிகர். சர்க்கரை, பருத்தி, தேயிலை வியாபாரம். பக்திமான். 1856-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வந்தபோது, பொஸ்பரஸில் ஒரு படகு நிறைய ரொட்டி போவதைப் பார்த்தார். நல்ல மேலைநாட்டு ரொட்டி. இது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். ஹாம்லின் என்ற மிஷனரி சுடுகிறார் என்று பதில் வந்தது. அப்படித் தொடங்கியது அறிமுகம். அந்த நகரில் எல்லா இனத்தாருக்குமாக ஒரு கல்லூரி வேண்டும் என்ற யோசனை வேறு சிலரிடமும் இருந்தது. ராபர்ட் பணம் தர முன்வந்தார், நடத்த ஹாம்லின் வர வேண்டும் என்றார். ஹாம்லின் 1860-இல் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்த மிஷனைவிட்டு விலகினார். அவர் நடத்திய பெபெக் செமினரியைப் பின்னர் உள்நாட்டில் மார்சோவான் என்ற ஊருக்கு, ஆண்டர்சன் சொன்ன மாதிரியே தாய்மொழிப் பள்ளியாக மாற்றிக்கொண்டு போனார்கள்.

நிலம் கிடைத்தது. பொஸ்பரஸ் மிகக் குறுகும் இடத்தில், 1452-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கட்டிய ரூமெலி ஹிசார் கோட்டைக்கு மேலே உள்ள குன்று. விற்றவர் அகமத் வெஃபிக் பாஷா. பாரிஸில் தூதராக இருந்தவர், பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகங்களைத் துருக்கி மொழியில் கொண்டுவந்தவர். பின்னாளில் அவர் இறந்தபோது, இந்த நிலத்தை அமெரிக்கர்களுக்கு விற்ற பாவத்துக்காகக் கல்லூரி மணியோசையைக் கேட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்று சுல்தான் அப்துல் ஹமீது அவரை அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே புதைக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதைதான்.

நிலம் இருந்தது, கட்ட அனுமதி இல்லை. இதோ அதோ என்று ஆண்டுகள் ஓடின. சரி, காத்திருந்தால் ஆகாது என்று பெபெக்கில் பழைய கட்டடத்திலேயே 1863 செப்டம்பர் 16 அன்று கல்லூரியைத் திறந்தார்கள். முதல் நாள் வந்த மாணவர்கள் நான்கு பேர்.

அனுமதி எப்படிக் கிடைத்தது என்பது சுவையான கதை. 1868-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஃபாரகட் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்தார். உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய மனிதர். ஹாம்லின் மரியாதைக்காகப் போய்ப் பார்த்தார். பேச்சுவாக்கில் கல்லூரி விஷயம் வந்தது. உடன் இருந்த ஒருவர், அமைச்சர்களைப் பார்க்கும்போது நீங்கள் இதைக் கேளுங்கள் என்றார். எனக்கு அரசியல் பேச அதிகாரமே இல்லையே என்றார் தளபதி. அதனால்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று பதில். தளபதியும் விருந்துகளில் அமைச்சர்களிடம், அந்த அமெரிக்கக் கல்லூரியை ஏன் கட்ட விடவில்லை என்று வெறுமனே கேட்டுவிட்டு, மேற்கொண்டு எதுவும் பேசாமல் ஊர் போய்விட்டார். அப்போது கிரீட் தீவில் கலகம். போர்க்கப்பல் தளபதி ஒருவர் கல்லூரியைப் பற்றி ஏன் விசாரிக்கிறார், அமெரிக்கா கிரீட்டில் தலையிடப் போகிறதா என்று உதுமானிய அரசுக்குக் கவலை வந்துவிட்டது. கொஞ்ச நாளில் சுல்தானின் ஆணை, கேட்டதற்கும் மேலான சலுகைகளோடு, கைக்கு வந்தது.

ஹாம்லின் இதைத் தெய்வச் செயல் என்று எழுதுகிறார். எனக்கு அதில் போர்க்கப்பலின் நிழல்தான் தெரிகிறது. அந்தக் காலத்து மிஷன் கல்வியில் இந்த நிழல் விழாத இடம் குறைவு.

1869 ஜூலை 4 அன்று அடிக்கல். கட்டட வரைபடம் போட்டவரும் ஹாம்லின், மேற்பார்வை பார்த்தவரும் ஹாம்லின். அறுபதை நெருங்கும் வயதில் சாரத்தில் ஏறி இறங்கினார். 1871-இல் கல்லூரி குன்றுக்கு மாறியது. அந்தச் சாம்பல் நிறக் கற்கட்டடம் இன்றும் ஹாம்லின் ஹால் என்ற பெயரோடு நிற்கிறது.

பாடம் ஆங்கிலத்தில். கூடவே ஆர்மீனியனுக்கு ஆர்மீனியன், பல்கேரியனுக்குப் பல்கேரியன், கிரேக்கனுக்குக் கிரேக்கம். காலையில் ஜெபம் கட்டாயம், வேத பாடம் கட்டாயம். ஆனால் மதம் மாறு என்று வற்புறுத்தல் இல்லை. இங்கே படித்தவர்கள் எங்கே போனார்கள்? ஆண்டர்சன் பயந்த மாதிரியேதான்: வணிகம், அரசுப் பணி, பத்திரிகை, ஆசிரிய வேலை. 1871-இல் பட்டம் பெற்ற கொன்ஸ்தாந்தின் ஸ்தொய்லோவ், பல்கேரியா தன்னாட்சி பெற்ற பிறகு இருமுறை அதன் பிரதமரானார். உதுமானியப் பேரரசின் தலைநகரத்தில், சுல்தானின் ஆணையோடு கட்டிய கல்லூரி, அந்தப் பேரரசிலிருந்து பிரிந்த நாட்டுக்குத் தலைவரைத் தயாரித்துக்கொடுத்தது. துருக்கிய முஸ்லிம் மாணவர்கள் வெகு காலம் வரவில்லை. முதல் துருக்கியப் பட்டதாரி வெளிவந்தது 1903-இல்.

அதற்குள் ஹாம்லின் அங்கே இல்லை. கல்லூரிக்கு மூலதனம் திரட்ட 1873-இல் அமெரிக்கா போனார். அந்த ஆண்டுதான் அங்கே வங்கிகள் விழுந்து பணமுடை. நன்கொடை சேரவில்லை. ராபர்ட்டுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பிடிவாதக்காரர்கள் எவ்வளவு நாள் ஒரே வண்டியை இழுப்பார்கள்? ஹாம்லின் இல்லாத நேரத்தில் கல்லூரியைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மருமகன் ஜார்ஜ் வாஷ்பர்னே தலைவரானார். மாமனார் திரும்ப அழைக்கப்படவில்லை. வாஷ்பர்ன் நிதானமானவர், நல்ல நிர்வாகி. கல்லூரி அவர் கையில்தான் வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அறுபத்தாறு வயதில், கையில் சேமிப்பு இல்லாமல், தான் கட்டிய கல்லூரியில் இடமில்லாமல் ஒரு மனிதர் நின்றார்.

நின்றவர் உட்காரவில்லை. தான் படித்த பேங்கர் செமினரியில் இறையியல் பேராசிரியரானார். 1880-இல் வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி மூடும் நிலைக்கு வந்தபோது அதன் தலைவராகப் போய்க் கடனை அடைத்து, கட்டடங்களைப் பழுதுபார்த்து நிமிர்த்தினார். கூரை ஒழுகும் இடத்தில் அவரே ஏறிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் காலத்தில்தான், 1883-இல், அங்கே பெண்களைச் சேர்த்தார்கள். 1900 ஆகஸ்டில், சொந்த மாநிலத்தில் பழைய ஊர்க்காரர்கள் கூடும் விழாவுக்காகப் போர்ட்லாந்து போன இடத்தில் இறந்தார். வயது 89.

ராபர்ட் கல்லூரியின் உயர்கல்விப் பகுதியையும் குன்றின் மேல் இருந்த வளாகத்தையும் 1971-இல் துருக்கிய அரசிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் போவாஸிச்சி பல்கலைக்கழகமானது. பள்ளிப் பகுதி அதே ராபர்ட் கல்லூரி என்ற பெயரில் பக்கத்தில் அர்னாவுத்கோய் என்ற இடத்தில் நடக்கிறது. முன்னாள் பிரதமர் புலென்ட் எஜெவித்தும் நோபல் பரிசு பெற்ற ஓர்ஹான் பாமுக்கும் ராபர்ட் கல்லூரியில் படித்தவர்கள்தாம். அரசுப் பல்கலைக்கழகமான பிறகும் போவாஸிச்சியில் பாடமொழி ஆங்கிலமே. 2021-இல் அதிபர் நேரடியாக ஒரு துணைவேந்தரை நியமித்தபோது, பேராசிரியர்கள் கறுப்பு அங்கி அணிந்து, அவர் அலுவலகத்துக்கு முதுகைக் காட்டி நாள்தோறும் வரிசையாக நின்றார்களே, அந்தச் செய்திப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது நடந்த வளாகம் இதுதான்.

ஹாம்லின் எழுதிய தன் வரலாறு பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் வாசிக்கிறவர்கள் தேடிப் படிக்கலாம். மொத்தமும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கிரிமியப் போர் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.